பழைய அரசுக் கட்டடங்களும் ஏறிக்கொண்டே போகும் கணக்கும்

பழைய கட்டடம் ஒன்றை அரசாங்கம் புதுப்பிக்கிறது என்று செய்தி வந்தால், நம் கடைக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுத் துவரம் பருப்பு என்ன விலை, பாமாயில் தீர்வை என்ன ஆயிற்று என்று பார்க்கப் போய்விடுவார்கள். அதில் குற்றமில்லை. நம் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடச் செலவு நாம் கட்டும் சொத்து வரியிலும் தொழில் வரியிலும் கடை உரிமக் கட்டணத்திலும் இருந்துதான் போகிறது என்பதால், ஒருமுறையாவது அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது வியாபாரிகளாகிய நமக்குப் பொருத்தமான காரியம்தான்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் மாளிகையை ஒட்டி நிற்கும் சிவப்புச் செங்கல் கட்டடமான விக்டோரியா பொது அரங்கை எடுத்துக்கொள்வோம். அங்கப்ப நாயக்கன் தெருவுக்கும் கொத்தவால் சாவடிக்கும் சரக்கு எடுக்கப் போய்வந்த நம் தலைமுறைக்கு அதன் கோபுரம் பழகிய அடையாளம். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். வரைபடம் போட்டவர் சிஷோம். கட்டிக் கொடுத்தவர் உயர் நீதிமன்றக் கட்டடத்தையும் எழுப்பிய நம்பெருமாள் செட்டியார். ஊர்ப் பெரியவர்களும் மகாராஜாக்களும் பணம் போட்டுக் கட்டிய மண்டபம் அது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1916 நவம்பர் 20-ஆம் தேதி நீதிக்கட்சிக்கு வித்திட்ட கூட்டமும் அங்கேதான் நடந்தது.

அந்த அரங்கைப் புதுப்பிக்க வேண்டும் என்று மாநகராட்சி 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முனைந்தபோது பேசப்பட்ட தொகை சுமார் 4 கோடி ரூபாய். பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். அரங்கு வேலை நின்றுபோனது. கதவு பூட்டியபடி ஆண்டுகள் ஓடின. 2023-இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் அதே அரங்குக்கு ஒதுக்கிய தொகை 32 கோடியே 62 லட்சம்.

இரண்டு மதிப்பீடும் ஒரே வேலைப் பட்டியலுக்குப் போட்டவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். பின்னதில் வேலைகள் கூடுதல். இருந்தாலும் வியாபாரி மனது கணக்குப் போடாமல் இருக்காது. 4 கோடியை ஆண்டுக்கு 12 வட்டிக்கு விட்டு, வட்டிக்கு வட்டியும் சேர்த்தால்கூட 14 ஆண்டில் அது பத்தொன்பதரை கோடியைத்தான் எட்டும். மீதி 13 கோடியில் ஒரு பங்கு புதிதாகச் சேர்த்த வேலைகளுக்கு என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பங்கு, பூட்டிக் கிடந்த காலத்தில் மழைநீர் இறங்கிக் கெடுத்ததைச் சரிசெய்யப் போயிருக்க வேண்டும். ஒழுகும் கூரையைப் பத்து மழைக்கு அப்படியே விட்டால், பத்து மடங்கு மராமத்து வந்து நிற்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை நாம் உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. மூலக்கொத்தளத்தில் எங்கள் கிட்டங்கியும் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைதான். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் குறுக்காக அடுக்கி, மேலே ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய கூரை. ஆவணி பிறந்தால் ஓர் ஆளை மேலே ஏற்றி, சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கி, தண்ணீர்த் தூம்பைக் குத்திவிட்டு, கீறல் கண்ட இடத்தில் சுண்ணாம்பு அடைத்துவிடுவோம். இரண்டு மூட்டை சர்க்கரை விலைகூட ஆகாது. கீழே அடுக்கிய சரக்கு இன்றுவரை நனைந்ததில்லை. அரசாங்கக் கட்டடத்தில் இந்த வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அதற்கென்று தலைப்பில் பணம் இல்லை என்பார்கள். கன்று மரமாகிச் சுவரைப் பிளந்த பிறகு கோடிக்கணக்கில் தலைப்பு தானாக வந்துவிடும்.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்கும் இதே கதிதான். ஹென்றி இர்வின் வரைந்து கட்டி நூறாண்டு நெருங்கிய அந்தக் கட்டடத்தை 2002-இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். அதன் பிறகு பத்தாண்டுக்கும் மேலாகக் கதவு திறக்கவில்லை. சேப்பாக்கத்துக் கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. 1768-ஆம் ஆண்டுக் கட்டடம் அது. எரிந்த பிறகுதான் அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. நல்லவேளையாக இடித்துத் தள்ளாமல் சீரமைத்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. பொதுப்பணித்துறைக்குப் பழங்கட்டட வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. தீ வரும்வரை காத்திருந்தது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கட்டடங்களின் வேலையில் நம் மளிகைக் கடைச் சரக்குக்கும் பங்கு உண்டு என்பது இளைய உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்துச் சுவருக்குச் சிமெண்டு ஒத்துக்கொள்ளாது. சிமெண்டுப் பூச்சு செங்கல்லுக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும். உள்ளேயே உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். சுண்ணாம்புதான் போட வேண்டும். சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைக்க வேண்டும். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பதுண்டு. ஒரு காலத்தில் பழவேற்காட்டுக் கிளிஞ்சல் பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் நம் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து இறங்கியது. அக்கம்பக்கத்துச் சூளைகளில் வெந்த சுண்ணாம்புதான் மதராஸ் நகரையே வெள்ளையடித்தது. இன்று படகும் இல்லை, கால்வாயில் தண்ணீர் என்று சொல்லத்தக்கதும் இல்லை.

இந்தக் குழம்பு அவசரத்துக்கு வராது. சிமெண்டுபோல் மறுநாளே இறுகவும் இறுகாது. ஆக, வேலை மெதுவாக நடக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் குறைசொல்ல மாட்டோம். மெதுவாக நடக்கவேண்டிய வேலைக்கு எந்தப் பருவத்தில் உத்தரவு கொடுக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பட்ஜெட் வந்து, மானியக் கோரிக்கை முடிந்து, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் எல்லாம் தாண்டி வேலை உத்தரவு கையில் வரும்போது பெரும்பாலும் ஆவணி, புரட்டாசி ஆகிவிடுகிறது. சாரம் கட்டி முடித்தால் ஐப்பசி மழை. சுண்ணாம்பு காயாது. தை மாதம் மீண்டும் ஆள் கூட்டினால் மார்ச் 31 வந்துவிடும். செலவழிக்காத பணம் கஜானாவுக்குத் திரும்பிப் போய்விடும் என்று அவசர அவசரமாகப் பூசுகிறார்கள். நல்ல வெயிலில் காயவேண்டிய வைகாசி, ஆனி மாதங்களில் சாரம் காலியாக நிற்கும். பருவம் பார்த்துப் புளி வாங்கத் தெரிந்த எந்த மண்டிக்காரரும் இப்படி ஒரு கால அட்டவணை போடமாட்டார்.

மதிப்பீடு போடும் முறையிலும் கோளாறு இருக்கிறது. பழைய கட்டடத்தின் பூச்சைச் சுரண்டிப் பார்க்காமல், உத்திரத்தின் முனை சுவருக்குள் எவ்வளவு மக்கியிருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல், வெளியிலிருந்து அளந்து ஒரு தொகை போடுகிறார்கள். 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைச் சட்டப்படி தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போகிறது. சட்டம் நல்ல நோக்கத்தில் வந்ததுதான். மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகுதி என்பது பெரும்பாலும் எத்தனை கோடிக்கு வேலை செய்தார் என்ற கணக்காகவே இருக்கிறது. மேம்பாலம் கட்டியவருக்கும் அந்தக் கணக்கு உண்டு. அவரிடம் சுண்ணாம்பு அரைக்கும் கொத்தனார் இருக்கிறாரா என்பதை யார் கேட்கிறார்கள்? மூட்டையைக் குத்திப் பார்க்காமல் மிளகாய் வாங்கி, வீட்டில் போய்ப் பிரித்தபின் காம்பும் கல்லும் கண்டு புலம்புவது போலத்தான். பூச்சைப் பெயர்த்த பிறகு உள்ளே இருப்பது தெரிகிறது. திருத்திய மதிப்பீடு என்று கோப்பு மேலே போகிறது. ஆறு மாதம் அங்கே கிடக்கிறது. அதற்குள் மரம், கூலி, இரும்பு எல்லாம் ஏறிவிடுகின்றன.

வரியும் ஏறிற்று. பழமைச் சின்னங்களைப் பழுதுபார்க்கும் அரசு ஒப்பந்த வேலைக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம் ஆனது. அதற்கு முன் மதிப்பீடு போட்டு, இழுத்துக்கொண்டே போய்ப் பின்னால் முடித்த வேலையில் ஒரு செங்கல்கூட வைக்காமலே நூற்றுக்கு ஆறு ரூபாய் கூடிற்று. நம் வரிப்பணத்திலிருந்து வரி கட்டி, அந்த வரி மறுபடி கஜானாவுக்கே போகும் விந்தை இது. சிமெண்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 28-ஐ 18 ஆகக் குறைத்தார்கள். சிமெண்டு போடக் கூடாத கட்டடத்துக்கு அதனால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நம்மை நேராகத் தொடுவது ஒன்று இருக்கிறது. அது பில் பாக்கி.

எங்கள் மண்டியில் வெல்லமும் நாட்டு மருந்துச் சரக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசுக் கட்டட வேலைக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் கடுக்காயும் பரமத்தி வேலூர் வெல்லமும் மூட்டைக் கணக்கில் எடுத்தார். முதல் இரண்டு நடைக்கு ரொக்கம் கொடுத்தார். மூன்றாம் நடையிலிருந்து, “பில் பாஸ் ஆகட்டும் அண்ணாச்சி, மொத்தமாக முடித்துவிடுகிறேன்” என்றார். பதினோரு மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. அதுவும் வட்டி இல்லாமல், மூன்று தவணையாக வந்தது. அவர் பேரில் தப்பில்லை. அவருக்கு வந்தால்தானே நமக்குக் கொடுப்பார். வெல்லம் அனுப்பிய ஊர்க்காரருக்கு நாங்கள் பதினைந்தாம் நாள் பணம் அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த லோடு நின்றுவிடும். ஆக, அந்தப் பதினோரு மாதம் அரசாங்கக் கட்டடத்துக்கு மூலக்கொத்தளத்து மண்டி ஒன்று தன் கைமுதலைப் போட்டு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. எந்த ஏட்டிலும் இது பதிவாகாது.

அதே ஒப்பந்தக்காரர் அடுத்த டெண்டரில் என்ன செய்வார்? பணம் ஓராண்டு கழித்து வரும் என்று தெரிந்தபின், அந்த ஓராண்டு வட்டியை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுவார். கடன் கேட்கும் வாடிக்கையாளருக்கு நாமும் மூட்டைக்கு இருபது ரூபாய் கூட்டித்தானே சொல்கிறோம்? நேரத்துக்குப் பணம் தரும் அரசாங்கத்துக்கு 20 கோடியில் முடிகிற வேலை, தாமதமாகத் தரும் அரசாங்கத்துக்கு 20 கோடியில் முடியாது. இழுத்தடிப்பது ஒப்பந்தக்காரர்தான் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சிலர் அப்படியும் இருக்கிறார்கள். ஆனால் பணம் தரவேண்டியவர் இழுத்தடித்தால் வேலை செய்பவர் இழுக்காமல் என்ன செய்வார்? ஆள்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். ஒருமுறை போனவர் திரும்பி வரமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-இல் வருமான வரியிலும் ஒரு பூட்டுப் போட்டார்கள். அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. நம்மைப் போன்றவர்கள் அந்தப் பூட்டுக்குப் பயந்து மார்ச் மாதம் ஓடி ஓடிப் பட்டுவாடா செய்கிறோம். அரசாங்கத் துறைக்கு வருமான வரி கிடையாது, ஆகவே பயமும் கிடையாது. இன்னொன்று கேளுங்கள். 2021 ஜூலை முதல் மொத்த, சில்லறை வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆனால் அது வங்கியில் முன்னுரிமைக் கடன் வாங்க மட்டும்தான். தாமதப் பணத்துக்கு வட்டி கேட்கும் உரிமை வியாபாரிக்கு இல்லை. நாம் 45 நாளில் கொடுக்க வேண்டும், நமக்கு வரவேண்டியது எப்போதாவது வரலாம். இது எந்த ஊர் தராசு?

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் கூத்து என்று நினைக்க வேண்டாம். லண்டனில் பிக் பென் மணி தொங்கும் கோபுரத்தை 2017-இல் சாரம் கட்டி மூடினார்கள். முதலில் 2 கோடியே 90 லட்சம் பவுண்டு என்றார்கள். பிறகு 6 கோடியே 10 லட்சம் என்றார்கள். கடைசியில் கிட்டத்தட்ட 8 கோடி பவுண்டு ஆயிற்று. 2022-இல்தான் முடிந்தது. பிரித்துப் பார்த்தபோது இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த சேதமும், கல்நாரும், ஈயம் கலந்த பெயிண்டும் தெரியவந்தன. அமெரிக்காவில் நம் ரிசர்வ் வங்கி போன்ற ஃபெடரல் ரிசர்வின் தலைமைக் கட்டடம் 1937-இல் கட்டியது. அதையும் பக்கத்துக் கட்டடத்தையும் புதுப்பிக்கப் போட்ட 190 கோடி டாலர் மதிப்பீடு 250 கோடியாக ஏறிற்று. 2025 ஜூலையில் குடியரசுத் தலைவர் டிரம்ப் தலைக்கவசத்தோடு அங்கே போய், வங்கித் தலைவர் பவலிடம் கேமராக்களுக்கு எதிரிலேயே தொகையைப் பற்றித் தர்க்கம் செய்தார். அதில் எவ்வளவு அரசியல், எவ்வளவு அக்கறை என்பது வேறு விஷயம். ஆனால் முதல் மதிப்பீடு எவ்வளவு, ஏறியது எவ்வளவு, எதனால் ஏறியது என்ற கணக்கு அங்கே ஊரறிய இருந்தது. அதனால்தான் மூலக்கொத்தளத்தில் உட்கார்ந்துகொண்டு நாமும் அதை எழுத முடிகிறது. நம் தெருக்கோடியில் சாரம் கட்டியிருக்கும் கட்டடத்தின் கணக்கு நமக்குத் தெரிகிறதா?

நம் பேட்டைக்கும் கட்டடச் செலவுக்கும் பழைய பந்தம் உண்டு. பிரெஞ்சுக்காரர் முற்றுகைக்கும் ஹைதர் அலியின் படையெடுப்புக்கும் பயந்து கம்பெனிக்காரர்கள் கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அதன் மூலையில் இருந்த கொத்தளம்தான் நம் ஊர்ப் பெயர் என்பார்கள். மதில் செலவை ஊர் மக்கள் தலையில் வரியாகக் கட்டலாம் என்று பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நின்றது. மதிலில் மிஞ்சிய துண்டு ஒன்று மாடிப் பூங்காவில் இருக்கிறது. அன்றைய நம் வியாபாரிகள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

பழையதை இடித்துவிட்டுப் புதியது கட்டினால் மலிவாக முடியுமே என்று நம் சங்கத்திலேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு மூர் மார்க்கெட்டை ஞாபகப்படுத்துகிறோம். 1900-இல் திறந்த சந்தை அது. பழைய புத்தகம் முதல் பறவைக் கூண்டு வரை விற்றுப் பிழைத்த நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகளின் இடம். 1985 மே மாதம் எரிந்து போனது. அந்த மனையில் ரயில்வே கட்டடம் எழும்பிற்று. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கடை கிடைத்தது, ஆனால் பழைய கூட்டம் அவர்களோடு கூடப் போகவில்லை. பழைய கட்டடம் போனால் அதைச் சுற்றிப் பழகிய வியாபாரமும் போய்விடும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். 1856-இல் திறந்த நம் ராயபுரம் ரயில் நிலையத்தை இடிக்காமல் 2005-இல் புதுப்பித்தது சரியான காரியம்.

பழமைச் சின்னங்களுக்கு ஓர் ஆணையம் வேண்டும் என்று தமிழக அரசு 2012-இல் சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. சட்டத்தைப் புதுப்பிக்கவே பன்னிரண்டு ஆண்டா என்று கேலி செய்வதைவிட, வந்த ஆணையத்திடம் வியாபாரிகளாகிய நாம் கேட்கவேண்டியதைக் கேட்பது மேல்.

வேலை நடக்கும் ஒவ்வொரு பழைய அரசுக் கட்டடத்தின் வாசலிலும் முதல் மதிப்பீடு, தொடங்கிய தேதி, திருத்திய மதிப்பீடு, திருத்தியதன் காரணம் ஆகியவற்றைத் தமிழில் பலகை எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். டெண்டருக்கு முன்னால் சுவரைத் திறந்து பார்க்கும் வேலைக்குத் தனியாகச் சிறு தொகை ஒதுக்கச் சொல்ல வேண்டும். சீரமைத்து முடித்த கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் ஆவணி மாதம் கூரைக்கு ஆள் ஏற்ற ஒரு நிரந்தரத் தலைப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவுப் புத்தகத்தில் பதிந்த வேலைக்கு 45 நாளுக்குள் பில் பட்டுவாடா ஆக வேண்டும். இல்லாவிட்டால் வட்டி சேர்த்துத் தர வேண்டும். அந்த உரிமை சரக்குக் கொடுத்த வியாபாரிவரை இறங்கிவர வேண்டும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். வெறும் பேச்சாக எழுதினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். ஆகவே அரசுக் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு, மரம், இரும்புச் சாமான், பெயிண்ட், கடுக்காய், வெல்லம் என்று எது கொடுத்திருந்தாலும், கொடுத்த தேதி, தொகை, பணம் வந்த தேதி அல்லது இன்னும் வராத விவரம், எந்தக் கட்டடம் என்பது வரை ஒரு தாளில் எழுதி, சிட்டை நகலோடு சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் மண்டியின் பதினோரு மாதக் கணக்கை முதல் தாளாக வைத்திருக்கிறோம்.